மூலமும் குறிப்பும்: மருத்துவ ஆய்விதழ்களில் மேற்கோள் வடிவம் வளர்ந்த வரலாறு

1. முன்னுரை

மருத்துவ ஆய்வுக் கட்டுரையின் இறுதியில் எண்ணிட்டு அடுக்கப்பெறும் மேற்கோள் பட்டியலை வாசகருள் பெரும்பாலோர் முழுமையாகப் படிப்பதில்லை. ஆயினும் கட்டுரையில் வரும் கூற்றுகள் எவற்றின் மேல் நிற்கின்றன என்பதை அப்பட்டியலே காட்டுகிறது. மேற்கோள் குறிப்பிற்கு இரண்டு கடமைகள் உள்ளன. கூற்றிற்கு மூலமான நூலையோ கட்டுரையையோ வாசகர் கண்டடையச் செய்தல் முதற் கடமை. அம்மூலம் சொன்னதையே கட்டுரையாளரும் சொல்கிறார் என்று உறுதியளித்தல் இரண்டாம் கடமை.

மருத்துவத் துறையில் இவ்விரண்டனுள் முதற் கடமைக்கான விதிகள் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாகப் படிப்படியாகத் திருந்தி வந்துள்ளன. பெயர் எங்கு வரவேண்டும், ஆண்டிற்குப் பின் எக்குறி இடவேண்டும் என்பன வரை விதிகள் உள. இரண்டாம் கடமை பெரிதும் எழுதுவோரின் நேர்மையையும் மூலத்தைப் படிக்கும் பழக்கத்தையுமே இன்றளவும் சார்ந்துள்ளது. இவ்விடைவெளி எவ்வாறு ஏற்பட்டது, அதனால் விளைந்தவை யாவை, மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இதில் கருதத்தக்கவை யாவை என்பனவற்றை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

2. அடைவுகளின் தோற்றம்

மருத்துவ மேற்கோள் வடிவத்தின் வரலாறு நூலகத்தில் தொடங்குகிறது. அமெரிக்கரான ஜான் ஷா பில்லிங்ஸ் (1838-1913) மாணவராயிருந்தபோது, வலிப்பு நோய்க்கான அறுவை மருத்துவம் பற்றி 1860இல் பட்ட ஆய்வேடு எழுதினார். அதற்கு வேண்டிய முன்னோர் எழுத்துகளைத் தேடியபோது, எந்த ஒரு நூலகத்திலும் அவை ஒருசேரக் கிடைக்கவில்லை என்பதையும், நூல்களில் தரப்பட்ட குறிப்புகள் பல பிழைபட்டிருந்தன என்பதையும் அவர் கண்டார். பிற்காலத்தில் தம் பணிக்கு வித்திட்டதாக இவ்வனுபவத்தையே அவர் நினைவுகூர்ந்தார்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் படை மருத்துவராகப் பணியாற்றிய பில்லிங்ஸ், 1865இல் தலைமைப் படைமருத்துவர் அலுவலக நூலகத்தின் பொறுப்பை ஏற்றார். 1836இல் சிறிய நூல் தொகுப்பாகத் தொடங்கிய அந்நூலகம் அவர் காலத்தில் மிகப் பெருகியது. இராபர்ட் ஃபிளெச்சருடன் இணைந்து அவர் 1879இல் 'இன்டெக்ஸ் மெடிக்கஸ்' என்னும் மாத அடைவைத் தொடங்கினார். உலகெங்கும் வெளிவரும் மருத்துவ நூல்களையும் இதழ்க் கட்டுரைகளையும் பொருள்வாரியாக அது பட்டியலிட்டது. அடுத்த ஆண்டே, நூலகத்தின் இருப்பு முழுமையையும் அடக்கும் பேரடைவின் முதல் தொகுதி வெளிவந்தது.

அடைவின் தேவை குறிப்பின் வடிவத்தை ஒழுங்குபடுத்தியது. ஆயிரக்கணக்கான பதிவுகளை ஒரே வரிசையில் அடுக்கவேண்டின், ஒவ்வொரு பதிவிலும் ஆசிரியர் பெயர், தலைப்பு, இதழின் பெயர், ஆண்டு, தொகுதி, பக்கம் ஆகிய கூறுகள் ஒரே முறையில் வருதல் வேண்டும். இதழ்களின் நீண்ட பெயர்கள் சுருக்கப்படவேண்டும். சுருக்கம் எல்லா இடத்தும் ஒன்றாக இருத்தலும் வேண்டும். இன்றைய மேற்கோள் பட்டியலின் சுருக்கங்களும் நிறுத்தக்குறிகளும் இத்தகைய அடைவுப் பணியின் வழிவந்தவையே.

இன்டெக்ஸ் மெடிக்கஸ் இடையில் நின்றும், பிற அடைவுகளோடு இணைந்தும் தொடர்ந்தது. அந்நூலகம் 1956இல் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகமாயிற்று. 1964இல் அடைவுப் பணி கணிப்பொறிக்கு மாறியது. 1971இல் தொலைத்தொடர்பு வழியே தேடத்தக்க மெட்லைன் அமைந்தது. 1997இல் பப்மெட் என்னும் தேடுதளம் பொதுமக்களுக்குக் கட்டணமின்றித் திறக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டின் இறுதியோடு இன்டெக்ஸ் மெடிக்கஸ் அச்சு வடிவம் நின்றுவிட்டது.

3. பெயர்-ஆண்டு முறையும் எண்முறையும்

கட்டுரையின் உள்ளே மூலத்தைச் சுட்ட இரண்டு முறைகள் நிலைபெற்றன. ஹார்வர்டு பல்கலைக்கழக விலங்கியலாளர் எட்வர்டு லாரன்ஸ் மார்க், தோட்டத்து ஓடிலா நத்தை ஒன்றின் கருவளர்ச்சி பற்றி 1881இல் எழுதிய கட்டுரையில், மூலத்தின் ஆண்டை அடைப்புக்குறிக்குள் ஆசிரியர் பெயருக்கு அருகில் தந்தார். இம்முறையின் முதல் ஆட்சியாக அறிஞர்கள் இதனையே சுட்டுவர். பிற்காலத்தில் இது ஹார்வர்டு முறை எனப்பட்டது.

மற்றொன்று எண்முறை. இதில் கட்டுரையின் வாக்கியத்தில் ஓர் எண் மட்டுமே வரும். அவ்வெண்ணுக்குரிய முழுக்குறிப்பு இறுதிப் பட்டியலில் இருக்கும். மருத்துவ இதழ்கள் பெரும்பாலும் எண்முறையையே விரும்பின. ஒரு வாக்கியத்திற்கு ஐந்தாறு சான்றுகள் தரவேண்டிய இடத்தில் எண்கள் இடத்தைச் சேமிக்கின்றன. வாக்கியமும் தடையின்றி ஓடுகிறது.

எனினும் இவ்விரு முறைகளும் வாசகருக்குத் தரும் செய்தி ஒன்றன்று. பெயர்-ஆண்டு முறையில், சான்று யாருடையது, எவ்வளவு பழையது என்பவை படிக்கும்போதே புலப்படும். எண்முறையில் அவை மறைந்துவிடும். பெருந்திரளான நோயாளரை ஆராய்ந்த நீண்ட கட்டுரையும், இதழாசிரியருக்கு எழுதிய சிறு கடிதமும் ஒரே உருவுடைய இரு எண்களாகவே வாக்கியத்தில் நிற்கும். இவ்வேறுபாட்டின் விளைவு ஏழாம் பகுதியில் விளக்கப்படும்.

4. தலைப்பு ஆசிரியரான நிகழ்வு

அடைவுகள் ஒழுங்குபட்ட அதே காலத்தில், மொழி அறியாமையால் நேர்ந்த பிழை ஒன்று ஐம்பது ஆண்டுகள் திருத்தப்படாமல் நின்றது. பிராகு நகரத்து நோய்க்குறியியலாளர் யாரோஸ்லாவ் ஹ்லாவா, சீதபேதியில் அமீபாக்களின் பங்கு பற்றி 1887இல் செக் மொழியில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன் தலைப்பு 'ஓ ஊப்லவித்சி' என்பதாகும். செக் மொழியில் 'ஓ' என்பது 'பற்றி' என்னும் பொருள்தரும் முன்னிடைச்சொல். 'ஊப்லவித்சி' என்பது சீதபேதியைக் குறிக்கும் பெயர்ச்சொல், அம்முன்னிடைச்சொல்லுக்கேற்ப வேற்றுமை வடிவம் பெற்றது. எனவே தலைப்பின் பொருள் 'சீதபேதி பற்றி' என்பதே.

எகிப்தில் பணியாற்றிய கிரேக்க மருத்துவர் கார்ட்டூலிஸ், செருமானிய இதழ் ஒன்றிற்கு இக்கட்டுரையின் சுருக்கத்தை எழுதியபோது, தலைப்பை ஆசிரியர் பெயராகக் கொண்டுவிட்டார். முன்னிடைச்சொல் தலைப்பெழுத்தாயிற்று. வேற்றுமை ஏற்ற பெயர்ச்சொல் குடும்பப் பெயராயிற்று. 'ஊப்லவித்சி, ஓ.' என்னும் இல்லாத அறிஞர் அவ்வாறு பிறந்தார். செக் மொழி அறியாத பிறர் செருமானியச் சுருக்கத்தைக் கண்டு அப்பெயரையே தத்தம் கட்டுரைகளில் எடுத்தாண்டனர். காலப்போக்கில் அவருக்கு 'டாக்டர்' பட்டமும் சேர்ந்தது. ஆங்கிலேய முன்னுயிரியலாளர் கிளிஃபர்டு டோபல் 1938இல் உண்மையைக் கண்டறிந்து, ஊப்லவித்சியின் 'வாழ்நாளை' 1887 முதல் 1938 வரை என்று குறித்து, இரங்கற் குறிப்பின் தலைப்பை ஒத்த தலைப்பில் அதனை வெளியிட்டார்.

இந்நிகழ்வு வேடிக்கையாகத் தோன்றினும் இதிலிருந்து பெறப்படும் உண்மை கடுமையானது. பிழையான குறிப்பைத் தந்தோர் பலரும் மூலக் கட்டுரையைத் திறந்து பார்த்திருப்பின், முதற்பக்கத்திலேயே ஹ்லாவாவின் பெயரைக் கண்டிருப்பர். குறிப்பு குறிப்பிலிருந்தே எடுக்கப்பட்டது. மூலம் இடையில் விடுபட்டது. உரிய ஆய்வாளர் தம் உழைப்பின் பெயரை இழந்தார்.

5. வான்கூவர் ஒப்பந்தம்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மருத்துவக் கட்டுரையின் உடலமைப்பும் ஒருமைப்பட்டது. முன்னுரை, செய்முறை, முடிவுகள், ஆய்வுரை என்னும் நான்கு பகுப்பு 1940களிலிருந்து படிப்படியாகப் பரவி, 1980களில் பெரிய பொது மருத்துவ இதழ்களின் ஒரே அமைப்பாயிற்று. ஆனால் மேற்கோள் பட்டியலின் வடிவம் இதழுக்கு இதழ் வேறுபட்டே இருந்தது. ஓர் இதழ் ஆண்டை முன்னே வைக்கும். மற்றோர் இதழ் இறுதியில் வைக்கும். ஓர் இதழ் இதழ்ப்பெயரைச் சுருக்கும். மற்றோர் இதழ் விரிக்கும். ஓரிதழ் ஏற்காத கட்டுரையை மற்றோர் இதழுக்கு அனுப்ப, பட்டியல் முழுவதையும் தட்டச்சுப் பொறியில் மீண்டும் அடிக்க வேண்டியிருந்தது.

இச்சுமையைக் குறைக்கும் நோக்குடன், பொது மருத்துவ இதழ்களின் ஆசிரியர் சிலர் 1978 சனவரியில் கனடாவின் வான்கூவர் நகரில் கூடினர். அவர்கள் வகுத்த 'ஒருசீர்த் தேவைகள்' 1979இல் வெளியாயின. மேற்கோள் வடிவத்தை அவர்களுக்கு வகுத்துத் தந்தது தேசிய மருத்துவ நூலகம். பில்லிங்ஸின் அடைவு மரபு இவ்வாறு கட்டுரையாளரின் மேசைக்கே வந்து சேர்ந்தது. அக்குழு விரிவுற்று மருத்துவ இதழாசிரியர் பன்னாட்டுக் குழுவாயிற்று. 1990களில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இதழ்கள் இவ்விதிகளை ஏற்றிருந்தன. 2013இல் அவ்வாவணம் 'பரிந்துரைகள்' என்னும் புதுப்பெயர் பெற்றது.

வான்கூவர் வடிவத்தை ஒரு சிறு மொழியாகவே கருதலாம். அதில் சொல்வரிசை மாறாதது: ஆசிரியர், தலைப்பு, இதழ், ஆண்டு, தொகுதி, பக்கம். நிறுத்தக்குறிகள் உருபுகளைப்போல் செயற்படுகின்றன. எடுத்துக்காட்டாக, '1980;302:123' என்னும் தொடரில் அரைப்புள்ளிக்கு முன் நிற்பது ஆண்டு; அதற்குப் பின் நிற்பது தொகுதி; முக்காற்புள்ளிக்குப் பின் நிற்பது பக்கம். 'ஆண்டு', 'தொகுதி', 'பக்கம்' என்னும் சொற்கள் ஒன்றும் வாரா. ஆசிரியரின் தலைப்பெழுத்துகளுக்குப் பின் புள்ளி இல்லை. இதழ்ப் பெயர்ச் சுருக்கத்திலும் புள்ளி இல்லை. இறுதிப் பக்க எண்ணில் மாறாத இலக்கங்கள் விடப்படும். 321 முதல் 328 வரை என்பது '321-8' என்றே எழுதப்படும். தட்டச்சில் ஒவ்வோர் எழுத்தும் உழைப்பாக இருந்த காலத்தின் சிக்கனம் இவ்விலக்கணத்தில் படிந்துள்ளது.

இவ்விதிகளோடு, மூலங்களைக் கட்டுரையாளரே நேரில் ஒப்பிட்டுச் சரிபார்த்தல் வேண்டும் என்னும் விதியும் தரப்பட்டது. பட்டியலின் புள்ளியும் அரைப்புள்ளியும் பிழைத்திருப்பின் பதிப்பாசிரியர் பார்த்த அளவிலே காண்பார். கட்டுரையாளர் மூலத்தைப் படித்தாரா என்பதை அவ்வாறு காண இயலாது.

6. குடும்பப் பெயர் இல்லாத பெயர்கள்

வான்கூவர் வடிவத்தின் முதல் இடம் குடும்பப் பெயருக்கு உரியது. அதனைத் தலைப்பெழுத்துகள் தொடரும். மேலை நாட்டுப் பெயரமைப்பை இயல்பாகக் கொண்ட இவ்விதி, வேறு பெயர் மரபுகளோடு பொருந்துகையில் இடர்ப்படுகிறது. தமிழ்ப் பெயர் மரபு அதற்குத் தக்க சான்று.

தமிழில் ஒருவருடைய பெயருக்கு முன் வரும் எழுத்து பெரும்பாலும் தந்தையின் பெயரைக் குறிக்கும். சிலர்க்கு ஊர்ப் பெயரும் சேரும். இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் சீ. இரா. அரங்கநாதன் (1892-1972) பெயரே இதற்கு எடுத்துக்காட்டு. முதலெழுத்து அவரது ஊரான சீர்காழியையும், இரண்டாம் எழுத்து தந்தையின் பெயரையும் குறிப்பன. அரங்கநாதன் என்பது இயற்பெயர். அடைவில் 'அரங்கநாதன்' என்பது முதலில் நிற்பினும், குடும்பப் பெயருக்குரிய இடத்தை அங்கு நிரப்புவது இயற்பெயரே. சென்னைப் பல்கலைக்கழக நூலகராயிருந்த அவர் 1934இல் வெளியிட்ட 'பகுப்பு நூற்பட்டியல் விதித்தொகை' இந்தியப் பெயர்களைப் பட்டியலில் பதியும் முறையையும் கருத்தில் கொண்டது. பல நாட்டுப் பெயர் மரபுகளைத் தொகுத்து, நூலகச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு 1967இல் தனிநூலே வெளியிட்டது. எனவே இச்சிக்கலை நூலகத் துறை முன்பே உணர்ந்திருந்தது எனலாம்.

மருத்துவக் கட்டுரைகளில் நேர்வது வேறு. மாணிக்கம் என்பாரின் மகன் செல்வம் என்று கொள்க. தம் கட்டுரையில் அவர் மா. செல்வம் என்று ஒப்பமிட்டால் அடைவில் 'செல்வம் மா' என்று பதிவாவார். கடவுச்சீட்டு முதலிய ஆவணங்களில் குடும்பப் பெயருக்குரிய கட்டத்தில் தந்தையின் பெயரை எழுதியபின், அதே ஆய்வாளர் 'மாணிக்கம் செ' என்றும் பதிவாகக்கூடும். அடைவின் கண்ணில் இவர்கள் இருவர். இரண்டாமவர் உண்மையில் தந்தையின் பெயரால் அறியப்படுகிறார். திருமணத்திற்குப்பின் தந்தையின் எழுத்தை நீக்கிக் கணவரின் எழுத்தை ஏற்கும் பெண் ஆய்வாளரின் முன்னைய கட்டுரைகளும் பின்னையவையும் தனித்தனியே பிரிந்துவிடும்.

அடைவின் சுருக்க விதி இச்சிக்கலைப் பெருக்கியது. மெட்லைன் தளத்தில் 2002ஆம் ஆண்டிற்கு முன் வெளிவந்த கட்டுரைகளுக்கு ஆசிரியரின் குடும்பப் பெயரும் தலைப்பெழுத்துகளுமே பதியப்பெற்றன. 2002 முதல் வெளிவந்தவற்றிற்கே முழுப்பெயர் பதியலாயிற்று. மேலும் 1984 முதல் 1995 வரை ஒரு கட்டுரைக்குப் பத்து ஆசிரியர் பெயர்களே சேர்க்கப்பட்டன. பதினொன்றாம் ஆசிரியர், எந்நாட்டவராயினும், அடைவிலிருந்து மறைந்தார். பெயர் மயக்கத்தைத் தீர்க்க 2012இல் ஆர்க்கிட் என்னும் பதினாறு இலக்க அடையாள எண் முறை தொடங்கப்பட்டது. பெயர் செய்யவேண்டிய வேலையை இன்று எண் செய்கிறது.

தமிழில் மருத்துவம் எழுதுவோர்க்கும் மொழிபெயர்ப்போர்க்கும் மறுதலையான சிக்கல் உண்டு. பிறமொழி ஆசிரியர் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதினால், அதிலிருந்து மூல வடிவத்தை மீட்க எப்போதும் இயலாது. 'பார்க்கர்' என்னும் தமிழ் வடிவம், ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்தில் தொடங்கும் ஒரு பெயரையும், பதினாறாம் எழுத்தில் தொடங்கும் மற்றொரு பெயரையும் ஒருங்கே குறிக்கும். ஒலிப்புடைய, ஒலிப்பிலா வெடிப்பொலிகளைத் தமிழ் எழுத்து வேறுபடுத்தாமையே காரணம். உரைநடையில் இது தடையன்று. அடைவில் தேடுவோர்க்கு இது வழியை அடைத்துவிடும். எனவே உரைப்பகுதியில் தமிழ் வடிவமும், பட்டியலில் மூல எழுத்து வடிவமும் தருதல் குறிப்பின் முதற் கடமையைக் காக்கும்.

மொழிபெயர்த்த தலைப்புக்கும் வான்கூவர் மரபு ஓர் அடையாளம் வைத்துள்ளது. ஆங்கிலமல்லாத மொழியில் வெளிவந்த கட்டுரையின் தலைப்பை ஆங்கிலத்தில் தரும்போது மெட்லைன் அதனைச் சதுர அடைப்பிற்குள் இட்டு, கட்டுரையின் மொழியையும் உடன் குறிக்கிறது. உள்ளே இருப்பவை மூல ஆசிரியரின் சொற்கள் அல்ல, மொழிபெயர்ப்பு என்பதை அவ்வடைப்பு அறிவிக்கிறது. பட்டியலிலிருந்து பட்டியலுக்குச் செல்லுகையில் அவ்வடைப்பு விடுபட்டால், மொழிபெயர்ப்பே மூலமாகத் தோன்றும். ஊப்லவித்சிக்கு நேர்ந்ததும் இதனோடு ஒத்ததே: அங்குச் செருமானியச் சுருக்கம் செக் மூலத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

7. ஐந்து வாக்கியக் கடிதம்

இதுவரை கூறியவை மூலத்தைக் கண்டடைவதில் நேர்ந்த பிழைகள். குறிப்பு முற்றிலும் சரியாக இருந்தும் பொருள் பிறழ்ந்த நிகழ்வு ஒன்று இவற்றினும் பெரிது.

நியூ இங்கிலாண்டு ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழின் 1980 சனவரி 10ஆம் நாள் வெளியீட்டில், 302ஆம் தொகுதி 123ஆம் பக்கத்தில், ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக் ஆகிய இருவர் எழுதிய கடிதம் வெளியானது. அதில் ஐந்து வாக்கியங்களே இருந்தன. கண்காணிப்பிலிருந்த 39,946 உள்நோயாளருள் 11,882 பேர் அபினிசார் மருந்தை ஒருமுறையேனும் பெற்றனர் என்றும், முன்பு அடிமைநிலை இல்லாதோருள் நால்வரிடமே ஓரளவு உறுதியான அடிமைநிலை காணப்பட்டது என்றும் அது தெரிவித்தது. மருத்துவமனையில் மருந்து பெற்றோர், முன்பு அடிமைநிலை அற்றோர் என்னும் வரையறைகள் அதன் முடிவு வாக்கியத்திலேயே உள்ளன. வீட்டில் மாதக்கணக்கில் மருந்து உண்ணும் நாட்பட்ட நோயாளரைப் பற்றி அது ஏதும் கூறவில்லை.

கடிதத்தின் தலைப்பு மட்டும் வேறு வகையில் அமைந்தது. போதை மருந்துகளால் சிகிச்சை பெற்ற நோயாளரிடம் அடிமைநிலை அரிது என்பது அதன் பொருள். ஆங்கிலத் தலைப்பு மரபிற்கேற்ப அதில் வினைமுற்று இல்லை. இடத்தையும் காலத்தையும் வரையறுக்கும் சொல்லும் இல்லை. உடற்பகுதி வரையறுத்ததைத் தலைப்பு பொதுமைப்படுத்தியது. மேற்கோள் பட்டியலில் இடம்பெறுவது தலைப்பே.

ஆக்ஸிகோடோன் என்னும் அபினிசார் மருந்தின் நீள்வெளியீட்டு மாத்திரை 1995 இறுதியில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்று, 1996இல் விற்பனைக்கு வந்தது. அதன்பின் அக்கடிதத்தை மேற்கோள் காட்டுவது மிகுந்தது. கனடிய ஆய்வாளர் குழு ஒன்று 2017இல் அதே இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, அக்கடிதம் 608 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. அதே காலத்தில் அவ்விதழில் வந்த பிற கடிதங்கள் பதினொன்றின் மேற்கோள் எண்ணிக்கையில் இடைநிலை அளவு 11 மட்டுமே. அந்த 608இல் 439 இடங்களில், அதாவது நூற்றுக்கு 72.2 விழுக்காட்டில், அபினிசார் மருந்தால் அடிமைநிலை அரிது என்பதற்குச் சான்றாகவே அது காட்டப்பட்டது. 491 இடங்களில், அதாவது 80.8 விழுக்காட்டில், அந்நோயாளர் மருத்துவமனையில் இருந்தோர் என்பது சொல்லப்படவில்லை.

அமெரிக்காவில் 1999 முதல் 2019 வரை அபினிசார் பொருள்களின் மிகையளவால் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் இறந்தனர். இவ்வழிவிற்கு விற்பனை முறை, கண்காணிப்புக் குறைவு, சட்டத்திற்குப் புறம்பான வணிகம் எனக் காரணங்கள் பல. ஒரு கடிதத்தின் மேல் அதனை ஏற்றுவது பொருந்தாது. ஆனால் மருத்துவர்களின் அச்சத்தை நீக்கிய கருத்திற்குச் சான்றாக இக்கடிதம் திரும்பத் திரும்ப நிறுத்தப்பட்டது என்பதை 2017ஆம் ஆண்டு ஆய்வு நிறுவியது. அவ்விதழ் கடிதத்தின் மின்பதிப்பில் வாசகரை எச்சரிக்கும் குறிப்பொன்றை அவ்வாண்டே சேர்த்தது.

இங்கு வடிவத்தில் பிழையில்லை. ஆண்டு, தொகுதி, பக்கம் ஆகியவற்றைக் கொண்டு தேடும் எவரும் சரியான பக்கத்தையே அடைவர். மேலும் வடிவம் ஓர் எச்சரிக்கையையும் தந்தது. '302:123' என்று ஒரே பக்க எண் நிற்பது, சான்று மிகச் சிறியது என்பதைக் காட்டும். மூலம் கடிதமாயின் தலைப்பிற்குப் பின் சதுர அடைப்பிற்குள் 'கடிதம்' என்று குறிக்கவும் வான்கூவர் விதிகளில் இடம் இருந்தது; ஆனால் அது தேவைக்கேற்பச் செய்யத்தக்கதாகவே வைக்கப்பட்டது. கட்டுரையின் வாக்கியத்திலோ ஓர் எண் மட்டுமே நின்றது. எண்முறை மறைத்ததைப் பட்டியல் காட்டியது. பட்டியலைப் படித்தோர் சிலரே.

8. பிழையின் அளவு

இது தனித்த நிகழ்வன்று. 1984 சனவரியில் வெளிவந்த ஆறு மருத்துவ இதழ்களை ஆராய்ந்து, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 1985இல் வெளியான ஆய்வு, குறிப்பின் இரு கடமைகளையும் தனித்தனியே அளந்தது. நூற்றுக்கு 24 குறிப்புகளில் பதிவுப் பிழைகள் இருந்தன. அவற்றுள் மூலத்தை உடனே கண்டடைய முடியாதபடி செய்த பெரும்பிழைகள் 8 விழுக்காடு. மூல ஆசிரியர் சொன்னதைத் திரித்துக் கூறியவை 15 விழுக்காடு. அவற்றுள் பெரும்பாலானவை வாசகரைத் தவறான வழியில் செலுத்தத்தக்கவை. பதிவுப் பிழைகளே எண்ணிக்கையில் மிகுதி. எனினும் மூலத்தை அடையவிடாத பெரும்பிழைகளைக் காட்டிலும், மூலத்தின் பொருளைத் திரித்தவை மிகுதி.

ஸ்டீவன் கிரீன்பெர்க் 2009இல் அதே இதழில் வெளியிட்ட ஆய்வு, தசைநோய் ஒன்றின் காரணம் பற்றிய ஒரு கருத்து எவ்வாறு உண்மையாக நிலைபெற்றது என்பதை 242 கட்டுரைகளையும் அவற்றினிடையே அமைந்த 675 மேற்கோள்களையும் கொண்டு ஆராய்ந்தது. கருத்தை ஆதரித்த ஆய்வுகள் மீண்டும் மீண்டும் சுட்டப்பட்டன. மறுத்தவை பெரிதும் விடப்பட்டன. கருதுகோளாகத் தோன்றிய கூற்றுகள், குறிப்பிலிருந்து குறிப்பிற்குச் செல்லுகையில், உறுதிக் கூற்றுகளாயின. மொழி நோக்கில் பார்ப்பின், 'இருக்கலாம்' என்னும் ஐயப்பொருள் வினை 'இருக்கிறது' என்னும் தெளிவுப்பொருள் வினையாக மாறிய வரலாறு இது. மொழிபெயர்ப்பில் இத்தகைய மாற்றம் நேரின் பிழை எனப்படும். மேற்கோளில் அது பலகாலும் கவனிக்கப்படாமற் போகிறது.

அண்மையில் இவ்விடைவெளி புதிய வடிவம் பெற்றுள்ளது. 2022இன் இறுதியிலிருந்து பரவலான உரையாடற் கணினி நிரல்கள், இல்லாத கட்டுரைகளுக்கும் பிழையற்ற வான்கூவர் வடிவத்தில் குறிப்பு எழுதவல்லன. பெயர், இதழ், ஆண்டு, தொகுதி, பக்கம் அனைத்தும் விதிப்படி நிற்கும். மூலம் மட்டும் இராது. ஊப்லவித்சி ஒருவரின் மொழி அறியாமையால் பிறந்தார். இன்று அவரைப் போன்றோரை நொடிப்பொழுதில் உண்டாக்கலாம். இத்தகைய நிரல்களை ஆசிரியராகக் காட்டலாகாது என்றும், அவை எழுதியவற்றை முதன்மைச் சான்றாகக் காட்டுதல் ஏற்கத்தக்கதன்று என்றும் இதழாசிரியர் பன்னாட்டுக் குழு தன் பரிந்துரைகளில் சேர்த்துள்ளது. மூலத்தை நேரில் ஒப்பிடுக என்னும் பழைய விதியின் தேவை இதனால் மேலும் வலுப்பெறுகிறது.

9. முடிவுரை

மருத்துவ மேற்கோள் வடிவத்தின் வரலாற்றிலிருந்து பின்வருவன பெறப்படுகின்றன. ஒன்று, அவ்வடிவம் அடைவின் தேவையிலும் தட்டச்சின் சிக்கனத்திலும் பிறந்தது. மூலத்தைக் கண்டடைவதற்கு அது சிறந்த கருவி. இரண்டு, குடும்பப் பெயரையும் ஆங்கிலத்தையும் இயல்பாகக் கொண்டமையால், பிற மரபினரின் பெயர்களும் பிறமொழி எழுத்துகளும் அதில் எளிதாக அமைவதில்லை. மூன்று, வடிவம் சரியாக இருத்தல் பொருள் சரியாக இருத்தலுக்கு உறுதியாகாது.

மூன்றாவது கருத்து மொழிபெயர்ப்பாளர்க்குச் சிறப்பாக உரியது. மருத்துவ நூலை மொழிபெயர்ப்போர் மேற்கோள் பட்டியலை மொழிபெயர்ப்பிற்கு அப்பாற்பட்ட பகுதியாகக் கருதி, அப்படியே படியெடுத்துவிடுவது வழக்கம். ஒரு வாக்கியத்தின் மொழிபெயர்ப்பில் ஐயம் எழும்போது, அவ்வாக்கியம் சுட்டும் மூலத்தைத் திறந்து பார்த்தல் ஐயத்தைத் தீர்க்கும். சில வேளைகளில் மூலநூலாசிரியரின் பிழையையும் வெளிப்படுத்தும். மருத்துவமனையில் இருந்தோர் என்னும் ஒரு சொல் விடுபட்டதை 491 இடங்களில் எழுதியோர் காணவில்லை. மூலம் ஐந்து வாக்கியங்களே உடையது; அதனைப் படித்து முடிக்க ஒரு நிமிடம் போதும்.